அடிமாட்டோடு போகும் வித்து

பொள்ளாச்சிச் சந்தை முடிந்ததும் கோவிந்தாபுரம் சோதனைச் சாவடியைக் கடக்கும் மாட்டு லாரிகளை நம் வாசகர்கள் அறிவர். அடிமாடுகளோடு காங்கேயம் பசுக்களும் போகின்றன. பார்க்கும் நம்மவர் மனம் பதறுகிறது.

கேரளம் ஒருமுறை சூடுபட்டது. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நாட்டுக் காளைகளுக்குக் காயடித்தார்கள். வெச்சூர்ப் பசு அருகிப்போய், 1989-இல் மண்ணுத்தியில் அதை மீட்கும் பணி தொடங்கியது.

மாட்டுப்பட்டியிலும் தோணியிலும் காளை விந்தை உறைய வைக்கிறார்கள். நல்லதுதான், ஆனால் அது பாதி வித்தே. பசுவின் சினைப்பையையும் மெல்லிய சீவல்களாக்கி, மைனஸ் 196 டிகிரித் திரவ நைட்ரஜனில் காக்கலாம். சீவல் ஒவ்வொன்றிலும் முதிராத முட்டைகள் ஏராளம். உறைந்த சீவலை மீண்டும் ஒட்டவைத்து 1960-இல் சுண்டெலியும், 1994-இல் பிரிட்டனில் செம்மறியாடும் குட்டி ஈன்றன. வேற்றுப் பசுவின் உடல் இந்த ஒட்டை எளிதில் ஏற்காது என்பது உண்மையே. அதற்கு வழி பிறக்கும்வரை சீவல் கெடாமல் காத்திருக்கும். லாரியில் போகும் பசு காத்திராது.

அறுப்புக்கூடத்தில் குப்பைக்குப் போகும் நாட்டுப் பசுக்களின் சினைப்பைகளைச் சேகரித்து வைக்க, இரு மாநிலக் கால்நடைத் துறைகளும் கூடிப் பேசி ஏற்பாடு செய்ய வேண்டும். மண்ணுத்தியிலும் நாமக்கல்லிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன.