விரியன் வாயில் நம்ம கத்தரி!

அருப்புக்கோட்டையில இருந்து திருச்சுழி போற ரோட்டுல, இருட்டுன பிறகு வேலிக்கருவை ஓரமா நடக்கிறவங்க கையில டார்ச் இல்லாம போகமாட்டாங்க. காரணம், கண்ணாடி விரியன்!

அது விஷத்துல இருக்கிற முக்கியமான சரக்கு, பாஸ்போலிப்பேஸ் ஏ2-ங்கிற என்சைம். நம்ம செல்லைச் சுத்தி கொழுப்பால ஆன சவ்வு இருக்கே, அதை வெட்டுற கத்தரி. ஷாக் என்னன்னா, அதே வேலை பார்க்கிற கத்தரி நம்ம வெள்ளையணுவுக்குள்ளயும் இருக்கு பாஸ்!

ஆனா, அது சும்மா படுத்துக் கிடக்கும். கிருமி வந்து மோதி, செல்லுக்குள்ள கால்சியம் ஏறினாத்தான் எழுந்து சவ்வுக்குப் போகும். அங்கே அராக்கிடோனிக் அமிலத்தை நறுக்கி எடுக்கும். காக்ஸ்-ங்கிற இன்னொரு என்சைம் அதை ப்ராஸ்டாகிளாண்டினா மாத்துற பாதைக்கு இழுத்துட்டுப் போகும். அப்புறம்தான் வீக்கம், வலி, காய்ச்சல் எல்லாம். (காக்ஸ் வேலையை ஆஸ்பிரின் தடுக்குதுன்னு 1971-ல காட்டினவர் ஜான் வேன். 1982-ல நோபல் வாங்கிட்டார்!) கூத்து என்னன்னா, அதே அமிலத்துல இருந்துதான் லிப்பாக்ஸினும் தயாராகுது. அது வந்து, 'போதும்ப்பா, கூட்டம் போடாதே'ன்னு வெள்ளையணுக்களைக் கலைச்சு விடும். ஆக, சண்டையைத் தொடங்குறதும் முடிக்கிறதும் கொழுப்பை வெட்டி ஒட்டுற என்சைம்கள்தான்.

விரியன் கத்தரிக்கும் கால்சியம் வேணும். ஆனா, செல்லுக்கு வெளியே கால்சியம் எப்பவுமே தாராளம். உத்தரவுக்குக் காத்திருக்கத் தேவையே இல்ல, வெட்டிக்கிட்டே போகும். ரத்தம் உறையாம போறதுக்கு விஷத்துல வேற என்சைம்கள் தனியா இருக்கு.

இந்தக் கத்தரியைக் கட்டிப்போட வரஸ்பிளாடிப்-னு ஒரு மருந்து. முதல்ல உடம்பு அழற்சிக்காகத் தயாரிச்சது. இந்தியாவிலயும் அமெரிக்காவிலயும் பாம்புக்கடிக்கு மாத்திரையா கொடுத்துப் பார்த்தாங்க. 2024-ல வந்த ரிசல்ட்படி, மொத்தமா பார்த்தா பெரிய வித்தியாசம் இல்ல. சீக்கிரமா எடுத்துக்கிட்டவங்ககிட்ட மட்டும் கொஞ்சம் பலன் தெரிஞ்சது.

அதனால இப்பவும் ஏ.எஸ்.வி. ஊசிதான் கதி. அதுக்கு விஷம் எடுத்துக் கொடுக்கிறவங்க, வடநெம்மேலியில 1978-ல தொடங்கின இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்காரங்க. 2024-ல தமிழக அரசு, பாம்புக்கடி கேஸ் வந்தா ஆஸ்பத்திரிகள் கட்டாயம் தெரிவிக்கணும்னு அறிவிச்சிருக்கு.

கிராமத்துல இன்னும் வேப்பிலையை மெல்லச் சொல்லி, கசக்குதான்னு கேட்டு நேரத்தை ஓட்டுறாங்க. கயித்தால இறுக்கிக் கட்டுறது, பிளேடால கீறுறது வேற. வலிக்குதேன்னு ஆஸ்பிரினும் போட்டுடாதீங்க, ரத்தக் கசிவு கூடும்! நேரா ஜி.ஹெச். போனா, சுத்தமான கண்ணாடிக் குழாய்ல கொஞ்சம் ரத்தம் எடுத்து, ஆட்டாம அசைக்காம 20 நிமிஷம் வைப்பாங்க. உறையலைன்னா ஏ.எஸ்.வி. பாட்டில் இறங்கும்.