தக்கியாவைப் பெயர்ப்பலகையிலிருந்து இறக்காதீர்

'தக்கியா' மார்க்கத்தில் இல்லாத சொல், அதை அழித்து 'மஸ்ஜித்' என்று எழுதுவதே முறை என்று எம்மவருள் ஒரு சாரார் வாதிடுகின்றனர். இன்னொரு சாரார் அதைத் 'தகிய்யா'வோடு, அதாவது உயிரச்சத்தில் நம்பிக்கையை மறைப்பதோடு, குழப்பிக்கொள்கின்றனர். இரண்டும் தவறு.

தகிய்யா, அடித்தொண்டைக் காஃப் கொண்ட சொல், தக்வாவின் உறவு. தக்கியாவில் இருப்பது மற்றைய காஃப். தமிழில் இரண்டுக்கும் 'க' ஒன்றே என்பதால் வந்த மயக்கம் இது. 2019 ஏப்ரலுக்குப் பின் எமது வணக்கத்தலங்கள் மீது சந்தேகப் பார்வை விழுந்த நாட்டில், இம்மயக்கத்தை நாமே வளர்ப்பது ஆபத்தானது.

பாரசீகத்தில் 'தக்யா' என்றால் சாய்மானம். உருதுவில் தலையணைக்கு இன்றும் 'தகியா' என்றே பெயர். சாயுமிடம் இளைப்பாறுமிடமாகி, பின்னர் சூஃபிகள் தங்கும் இல்லமானது. துருக்கியில் அது தெக்கே. தமிழகக் கரையில் தைக்கா. கீழக்கரைத் தைக்கா ஸாஹிபின் பெயரிலேயே அச்சொல் நிலைத்திருக்கிறது. 'பள்ளி' மட்டும் குர்ஆனில் வந்த சொல்லா? சமணத் துறவியரின் உறைவிடத்துக்கும் வழங்கிய சொல் அது. பள்ளியை ஏற்ற நாவுக்குத் தக்கியா ஏன் கசக்கிறது?

ஷாஃபிஈ மத்ஹபில் ஜும்ஆவுக்கு ஊரில் நிலையாக வாழும் நாற்பது ஆண்கள் வேண்டும். ஊவாவின் பெருந்தோட்டங்களில் லயத்துக்கு ஓரிரு முஸ்லிம் குடும்பங்கள் இருந்தாலே அதிகம். நாற்பது பேருக்கு எங்கே போவது? வெள்ளிக்கிழமை பதுளைக்கோ பசறைக்கோ பண்டாரவளைக்கோ இறங்க வேண்டும். ஏனைய வேளைகளுக்குக் கைக்கெட்டிய தூரத்தில் ஒரு கூரை வேண்டும். ஐவேளை நடந்து ஜும்ஆ நடவாத அத்தகைய சிறு பள்ளிக்கே இலங்கை வழக்கில் தக்கியா என்று பெயர். ஆகவே அச்சொல் பிக்ஹையும் சொல்கிறது, சிறுபான்மைக்குள் சிறுபான்மையாக வாழ்ந்தோரின் தொகையையும் சொல்கிறது. கடல் கடந்து வந்து மலையேறியவர்களுக்கு வேறு கல்வெட்டு இல்லை.

1925இல் துருக்கி அரசு தெக்கேக்களைச் சட்டம் போட்டு மூடியது, சொல் சாகவில்லை. இங்கோ சட்டம் ஏதுமின்றி நாமே அதைக் கொல்லப் பார்க்கிறோம். பழைய உறுதியில் தக்கியா என்றும் புதிய பலகையில் வேறொன்றும் இருந்தால், நாளை காணித் தகராறு வரும்போது நட்டம் யாருக்கு?

ஜும்ஆ தொடங்கிய இடத்தை ஜும்ஆப் பள்ளி என்றே அழையுங்கள், ஆட்சேபனை இல்லை. தக்கியாவாக இருப்பதைத் தக்கியா என்றே விடுங்கள்.