பாலாவியில் இறங்கிய விமானங்கள்

இங்கிலாந்துப் பத்திரிகைகளில் வரும் இரங்கல் குறிப்புகளை நான் விடாமல் படிப்பவன். அவற்றில் ஒருவகை வாழ்க்கை என்னைப் பிடித்து நிறுத்தும். பருத்தி ஆலைகளின் ஊரில் பிறந்த ஒரு பையன், இருபது வயதில் கடற்படையின் தன்னார்வப் பிரிவில் சேருவான். விமானம் ஓட்டப் பழகுவான். கப்பலோடு இந்து சமுத்திரத்துக்கு வருவான். போர் முடிந்ததும் ஊர் திரும்பி, ஒரு நெசவாலையில் சேர்ந்து, நிர்வாகியாக உயர்ந்து, பேரப்பிள்ளைகளைக் கண்டு கண் மூடுவான். நடுவில் ஒரு வரி: சில மாதங்கள் இலங்கையில். அந்தச் சில மாதங்களில் எங்கள் புத்தளமும் இருக்கலாம் என்பதால் அந்த வரியை என்னால் சும்மா தாண்டிப் போக முடிவதில்லை.

புத்தளத்திலிருந்து சிலாபம் வீதியில் வந்தால் பாலாவி. கற்பிட்டிக்குத் திரும்பும் சந்தி, சீமெந்து ஆலை, அவற்றோடு விமானப்படை வைத்திருக்கும் ஓர் ஓடுபாதை. அந்த ஓடுபாதை இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படையின் விமானத்தளமாக இருந்தது. கடற்படை தன் நிலத்தளங்களுக்கும் கப்பலைப் போலவே பெயர் வைக்கும். புத்தளத்துத் தளம் 'ராஜாளிய'. கட்டுக்குருந்தையில் இருந்தது 'உக்குஸ்ஸ'; கோயம்புத்தூரில் விமானம் பழுதுபார்க்க வைத்திருந்த தளம் 'கருடா'. எல்லாம் பறவைகள்.

இந்தத் தளங்கள் ஏன் வேண்டியிருந்தன என்பதற்கு 1942 ஏப்ரல் 5-ஐ நினைத்தால் போதும். அந்த ஈஸ்டர் ஞாயிறு காலையில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அதே நேரம் திருகோணமலைச் சீனன்குடாவிலிருந்து இரத்மலானைக்குப் பறந்து வந்த ஆறு சுவோர்ட்ஃபிஷ் விமானங்கள் நடுவில் மாட்டிக்கொண்டன. இரட்டை இறக்கை, துணி போர்த்திய உடம்பு, மெதுவான ஓட்டம். ஆறும் விழுந்தன. நான்கு நாளில் திருகோணமலையும் அடி வாங்கியது. 'ஹேர்மிஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. கிழக்குக் கடற்படை ஆபிரிக்கக் கரைக்குப் பின்வாங்கிப் போய், 1944 தொடக்கத்தில்தான் இங்கே பலமாகத் திரும்பி வந்தது.

திரும்பி வந்தபோது அதனிடம் கோர்செயர் என்ற புது விமானம் இருந்தது. துறைமுகத்தில் நங்கூரமிட்ட விமானந்தாங்கியிலிருந்து இவற்றைப் பறக்கவிட்டுப் பழக்க முடியாது. கப்பல் காற்றை எதிர்த்து ஓடினால்தான் தளத்திலிருந்து எழும்ப முடியும். ஆகவே கப்பல் கரைக்கு வரும் முன்பே விமானங்கள் பறந்து போய்த் தரைத்தளங்களில் இறங்கும். விமானிகளும் கூடவே கரையில் கிடப்பார்கள். புத்தளத்துப் புழுக்கமும் நுளம்பும் அவர்களுக்கு அப்படித்தான் வாய்த்தன.

கோர்செயரின் இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் கீழே வளைந்து மறுபடி மேலே எழும். வெறும் எடையே நாலு தொன். இரும்புத் தகடுகள் விரித்த பாதையை விட்டு ஒரு சக்கரம் விலகினால், மழைக்காலத்தில் அப்படியே சேற்றில் இறங்கிவிடும். அதை இழுக்க யானையைக் கொண்டுவந்தார்கள். போர்க்காலப் படங்களில் இன்றும் அதைப் பார்க்கலாம்: அமெரிக்காவில் செய்த நவீன போர்விமானம், அதோடு பிணைத்த சங்கிலி, அந்தப் பாரத்தை அசைக்கும் எங்கள் யானை.

அந்த இரும்புப் பறவையிலும் துணி இருந்தது. இறக்கையின் வெளிப்பகுதியில் முதன்மைச் சட்டத்துக்குப் பின்னால் உலோகத்தகடு இல்லை, துணிதான் போர்த்தியிருந்தது. துணியை இழுத்துக் கட்டி, அதன்மேல் ஒருவகை வார்னிஷைப் பல பூச்சுப் பூசுவார்கள். காயக் காய அது மத்தளத் தோல் போல விறைத்துக்கொள்ளும். உப்புக் காற்றும் வெயிலும் ஈரமும் மாறி மாறி அடிக்கும் கரையில் அந்தத் துணியைப் பழுதில்லாமல் வைத்திருப்பது தரையில் நின்றவர்களின் வேலை. நெசவாலை ஊரிலிருந்து வந்த ஒருவன் அதைத் தொட்டுப் பார்த்தபோது வீட்டை நினைத்திருப்பான் என்றே எனக்குப் படுகிறது.

இந்த விமானிகளில் பெரும்பாலோர் தொழில்முறைக் கடற்படையினர் அல்லர். கைப்பட்டியில் நெளிநெளியான கோடு தைத்த தன்னார்வ அதிகாரிகள். ஆகவே போர் முடிந்ததும் வங்கிக்கும் பள்ளிக்கும் ஆலைக்கும் திரும்பினார்கள். ஆலைக்குப் போனவர்களுக்கு விதி இன்னொரு போரை வைத்திருந்தது. இந்தியா, ஹொங்கொங், பாகிஸ்தானிலிருந்து மலிவான துணி வந்து குவிந்தது. 1958-இல் பிரிட்டன் ஏற்றுமதி செய்த பருத்தித் துணியைவிட இறக்குமதி செய்தது அதிகம். அடுத்த ஆண்டே, பழைய தறிகளை உடைத்துப் போடுவதற்குப் பணம் கொடுக்க அரசாங்கம் சட்டம் கொண்டுவந்தது. இருபது வயதில் எங்கள் கடலுக்கு மேல் பறந்தவர்கள், நடுவயதில் தங்கள் தொழிலாளர்களுக்கு ஆலை மூடும் செய்தியைச் சொல்ல நேர்ந்த காலம் அது.

அந்தத் தொழிலின் ஒரு பங்கு பின்னால் இலங்கைக்கே வந்தது. கட்டுநாயக்க விமான நிலையமும் போர்க்காலத்தில் போட்ட ஓடுபாதைதான். அன்று பிரிட்டிஷ் விமானப்படையின் நீர்கொழும்புத் தளம். அதன் பக்கத்திலேயே 1978-இல் சுதந்திர வர்த்தக வலயம் திறந்தது. எங்கள் கரையோர ஊர்களின் பெண்பிள்ளைகள் பஸ் ஏறிப் போய் அங்கே தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தார்கள். கீழக்கரை மரைக்காயர்கள் தோணியில் துணி கொண்டுவந்து இறக்கிய கற்பிட்டிக் கரை இது. துணியும் கடலும் இங்கே புதிய உறவுக்காரர் அல்ல.

என் மனக்குறை இதுதான். அந்த ஆலை நிர்வாகியின் வாழ்க்கை முழுசாக எழுதப்பட்டிருக்கிறது. எந்தக் கப்பல், எந்த அணி, எந்த ஆலை, எத்தனை பிள்ளைகள் எல்லாம் உண்டு. யானைப் படங்களின் குறிப்பில் விமானத்தின் பெயர்கூட இருக்கிறது. யானையை நடத்திய பாகனின் பெயர் நான் பார்த்த படக்குறிப்பு எதிலும் இல்லை.

எங்கள் பக்கத்திலும் கடற்படைக்காரர் இருந்தார்கள். 1937-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த இலங்கைக் கடற்படைத் தன்னார்வப் படை போரில் துறைமுகங்களைக் காத்தது, கண்ணிவெடி அகற்றியது, 1943-இல் சரணடைந்த இத்தாலியக் கப்பல் 'எரித்ரேயா'வைக் கரைக்குக் கொண்டுவந்தது. அந்தப் படையிலிருந்து வந்த ராஜன் கதிர்காமர் 1960 முதல் 1970 வரை இலங்கைக் கடற்படைக்கே தலைமை தாங்கினார். அவரைப் போன்றவர்களைச் சரித்திரம் வைத்திருக்கிறது. அவருக்குக் கீழ்ப்படியில் நின்றவர்கள், பாலாவியில் காடு வெட்டி மண் சுமந்தவர்கள், முகாமுக்கு மீனும் முட்டையும் கொடுத்தவர்கள் ஆகியோரைப் பற்றி யார் எழுதி வைத்தார்கள்?

1945-இல் பத்து வயதாக இருந்த பிள்ளைக்கு இன்று தொண்ணூறு தாண்டிவிட்டது. புத்தளத்திலும் முந்தலிலும் உடப்பிலும் கற்பிட்டியிலும் அப்படிப்பட்ட மூத்தாப்பாவோ அப்பாச்சியோ இன்னும் சில வீடுகளில் இருப்பார்கள். இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். கூலிக்கு ஆட்கள் எந்தெந்த ஊரிலிருந்து வந்தார்கள், நாள் கூலி எவ்வளவு, யானைகளை எங்கிருந்து கொண்டுவந்தார்கள், போர் முடிந்த பிறகு அந்த இரும்புத் தகடுகள் யாருடைய வேலிக்குப் போயின. சொல்வதை ஃபோனில் பதிந்து, தேதியும் ஊரும் குறித்து இந்தப் பத்திரிகைக்கு அனுப்புங்கள்; வருகிறதை இந்தப் பத்தியிலேயே போடுகிறேன். பாகன் ஒருவரின் பெயர் அகப்பட்டால், மற்றக் கேள்விகள் அப்புறம் இருக்கட்டும், முதலில் அதை எழுதி அனுப்புங்கள்.