பெயர் சொல்லாத வாக்காளர்கள்

சென்ற வாரம் எட்டாம் வகுப்பில் நமது குடியரசின் ஆரம்ப வருஷங்களைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கரும்பலகை முழுவதும் தேதிகள். 1950 ஜனவரி 26, அரசியல் சட்டம் அமுலுக்கு வந்த நாள். 1951 ஜூன், அந்தச் சட்டத்துக்கு முதல் திருத்தம். 1952 மே, தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பார்லிமெண்ட் கூடியது. 1953 அக்டோபர் 1, ஆந்திர ராஜ்யம். 1956 நவம்பர் 1, மொழிவாரி ராஜ்யங்கள். பிள்ளைகள் தலை நிமிராமல் எழுதிக்கொண்டார்கள். முன் வரிசைப் பெண் ஒருத்தி மட்டும் எழுதுவதை நிறுத்திவிட்டு, "ஸார், இவற்றில் எது பெரியது?" என்று கேட்டாள்.

உபாத்தியாயர் விழிப்பதைப் போன்ற வேடிக்கை மாணவர்களுக்கு வேறு கிடையாது. ஆகையால் அதிகம் விழிக்காமல், "ஜனவரி 26 தான், அதில் என்ன சந்தேகம்?" என்று சொல்லி வைத்தேன். அவளுக்குத் திருப்தி ஏற்பட்டதாகத் தெரியவில்லை. வீடு திரும்பும் வழியில் யோசித்துப் பார்த்தபோது எனக்கும் ஏற்படவில்லை. எல்லாவற்றிலும் பெரிய காரியத்தை நான் பலகையில் எழுதவே இல்லை என்பது அப்பொழுதுதான் புலப்பட்டது. எழுதாததற்குக் காரணம், அதற்கு ஒரு தனித் தேதி கிடையாது. அது ஒரு ஜாபிதா. வாக்காளர் ஜாபிதா!

ஜாபிதா என்றதும் நேயர்கள் கொட்டாவி விட வேண்டாம். அந்நியர் ஆட்சியில், 1935-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி நடந்த மாகாணத் தேர்தலில் வாக்குரிமை பெற்றிருந்தவர்கள் சுமார் மூன்று கோடிப் பேர். நிலம் வேண்டும், வரி கட்டியிருக்க வேண்டும், அல்லது படித்திருக்க வேண்டும். அரசியல் நிர்ணய சபையாரோ இருபத்தொரு வயது நிரம்பிய ஒவ்வொருவருக்கும் வாக்கு உண்டு என்று தீர்மானித்தார்கள். (அந்த வயது பதினெட்டு ஆனது 1989-ல்.) அரசியல் சட்டம் எழுதி முடிவதற்கு முன்பே, 1948-லேயே ஜாபிதா எழுதும் வேலை தொடங்கிவிட்டது. தேசம் பிரிந்து, லட்சக் கணக்கான அகதிகள் ஊர் விட்டு ஊர் அலைந்துகொண்டிருந்த சமயம் அது. எழுதி முடித்தபோது 17 கோடியே 30 லட்சத்துக்கும் அதிகமான பெயர்கள் இருந்தன. 1951-ஆம் வருஷத்து ஜனக் கணக்குப்படி எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர். பெண்களில் ஒன்பது பேர்கூட இல்லை.

இத்தனை பேரையும் வாக்குச்சாவடிக்கு அழைத்து வரும் பொறுப்பு ஸ்ரீ சுகுமார் சென் என்பவரின் தலையில் விழுந்தது. 1950 மார்ச்சில் முதலாவது தலைமைத் தேர்தல் கமிஷனராக நியமனம் பெற்றவர்; கணித சாஸ்திரம் படித்தவர். படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு சின்னம். ஒவ்வொரு அபேட்சகருக்கும் ஒரு தனிப் பெட்டி. சீட்டில் எதுவும் குறிக்க வேண்டியதில்லை. வேண்டியவருடைய பெட்டியில் போட்டுவிட்டு வந்தால் போதும். இதற்காக இருபது லட்சத்துக்கு மேற்பட்ட இரும்புப் பெட்டிகள் செய்தார்கள் என்றால் நம்ப முடிகிறதா? 1951 அக்டோபர் 25-ந் தேதி ஹிமாசலப் பிரதேசத்தில் தொடங்கிய வாக்குப் பதிவு, அடுத்த பிப்ரவரி வரையில் நீடித்தது. பனி விழுந்து பாதைகள் மூடிக்கொள்ளும் முன் சீனி, பாங்கி முதலிய மலைப் பகுதிகளில் முதலில் நடத்தினார்கள். அன்று காலையில் முதல் வாக்கைச் செலுத்தியவர் சியாம் சரண் நேகி. அவர் ஒரு பள்ளி ஆசிரியர்! தேர்தல் வேலைக்காக வேறிடம் போக வேண்டியிருந்தபடியால், அதிகாலையில் வந்து வாக்களித்துவிட்டுப் போனார். 2022 நவம்பரில், நூறு வயதைத் தாண்டிக் காலமாகும் வரையில் அவர் எந்தத் தேர்தலையும் தவற விட்டதில்லை என்பார்கள். இதைச் சொல்லும்போது என் தொழிலைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டாவதை நேயர்கள் மன்னிக்க வேண்டும்.

பெட்டிகளின் கதை பலருக்கும் தெரிந்ததுதான். பெயர்களின் கதைதான் என் மனத்தை விட்டு அகலாமல் இருக்கிறது.

கணக்கெடுக்கப் போனவர்கள் வட நாட்டில் வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள். ஐக்கிய மாகாணம், பீஹார், ராஜஸ்தான், மத்திய பாரதம், விந்தியப் பிரதேசம் ஆகிய இடங்களில் ஏராளமான ஸ்திரீகள் அந்நிய ஆடவனிடம் தங்கள் பெயரைச் சொல்ல மறுத்தார்கள். அது குடும்ப வழக்கம், மரியாதை. எழுதப் போனவர்களும் அதிகம் வற்புறுத்தாமல், "இன்னாருடைய மனைவி", "இன்னாருடைய தாயார்" என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். புருஷன் பெயரைச் சொல்லச் சொன்னால் நம் ஊர்ப் பாட்டிமார்கள் ஆகாயத்தைக் காட்டியும் கோயிலைக் காட்டியும் ஜாடை செய்வதை நாம் பார்த்திருக்கிறோம். அங்கே தன் பெயருக்கே அந்தக் கதி.

இந்தச் செய்தி எட்டியதும் தேர்தல் கமிஷன் கண்டிப்பான உத்தரவு போட்டது. பெயர் என்பது ஒருவர் இன்னார் என்பதற்கு இன்றியமையாத அடையாளம். ஆகையால் சொந்தப் பெயரோடு பதிவு செய்ய வேண்டும். பெயர் கொடாதவர்களை ஜாபிதாவில் வைத்திருக்க முடியாது. பெயர்களைத் தெரிவிக்கும்படி பொது ஜனங்களுக்கு வேண்டுகோள் விடுத்தார்கள். பீஹாருக்கு விசேஷமாக ஒரு மாதத் தவணையும் கொடுத்தார்கள். பலர் பெயரைச் சொன்னார்கள். ஆயினும் சுமார் எட்டுக் கோடி ஸ்திரீ வாக்காளர்களில் ஏறக்குறைய 28 லட்சம் பேர் கடைசி வரையில் பெயர் சொல்லவில்லை. அத்தனை பேரையும் அடித்துவிட்டார்கள்.

இருபத்தெட்டு லட்சம்! சுதந்திர தேசத்தின் முதல் தேர்தலிலே, உரிமை இருந்தும், உயிரோடு இருந்தும், ஒரு சொல்லைச் சொல்லாத காரணத்தால் வாக்கை இழந்தார்கள்.

இது நியாயந்தானா என்று நான் பல முறை என்னையே கேட்டுக்கொண்டது உண்டு. வாக்காளர் ஜாபிதாவைச் சரிபார்க்கும் வேலைக்காக நானும் தெருத் தெருவாகச் சென்றிருக்கிறேன். கதவைத் திறக்கிறவர் பெரும்பாலும் வீட்டு எஜமானர்தான்; பதில் சொல்கிறவரும் அவரேதான். உள்ளே இருக்கும் அம்மாளின் குரலைக் கேட்காமலே படிவம் பூர்த்தியாகிவிடும். அப்படியிருக்க, 1950-ல் முகத்திரைக்குப் பின்னால் நின்ற ஒரு கிராமத்துப் பெண், தன் மாமனாரையும் கணவனையும் மீறிப் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எங்ஙனம்? அவளைச் சொல்லவொட்டாமல் தடுத்தவர்களின் பெயர் ஜாபிதாவில் பத்திரமாக இருந்தது. அடிபட்டது அவள் பெயரில்லாப் பெயர். பெண் ஊழியர்களை அனுப்பிக் கேட்டிருந்தால் இன்னும் எத்தனையோ லட்சம் பேர் சொல்லியிருப்பார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனாலும் சென் செய்ததைத் தவறென்று சொல்ல எனக்கு வாய் எழவில்லை. 1935-ஆம் வருஷத்துச் சட்டத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். அச்சட்டத்தின் கீழ்ப் பெண்கள் வாக்குரிமை அடைவதற்கு இருந்த வழிகளில் ஒன்று, சொத்துத் தகுதியுள்ள ஒருவனுக்கு மனைவியாக இருப்பது! அதாவது அந்நிய சர்க்காருக்கு "இன்னாருடைய மனைவி" என்பது ஒரு தகுதியாகவே இருந்தது. பதினைந்து வருஷத்துக்குள் குடியரசு வந்து, "மனைவி என்பது உறவு, அம்மா, உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டது. உறவையே பெயராக ஏற்றுக்கொண்டு 28 லட்சம் பேரையும் ஜாபிதாவில் வைத்திருப்பது சுலபமான காரியம். ஆனால் வாக்குச்சாவடியில் வந்து நிற்பவள் யார் என்று எவ்விதம் அறிவது? ஒருவனுடைய தாயார் என்று சொல்லிக்கொண்டு எவள் வேண்டுமானாலும் வரலாமே! அதைவிட முக்கியமாக, அப்படி எழுதிய வாக்கு உண்மையில் யாருடைய வாக்கு? அவளுடையதா, அந்த இன்னாருடையதா? பெயர்கள் விடுபட்டதனால் எழுந்த கூச்சல் நல்லதற்கே, அடுத்த தேர்தலுக்குள் இந்த வழக்கம் மறைய அது உதவும் என்று சென் கருதினார். கணக்கு வாத்தியார் மனப்பான்மைதான். விடை சரி, வழியில் 28 லட்சம் பேர் நிற்கிறார்கள்.

அந்த ஜாபிதாவுக்கு இருந்த பலத்தையும் சொல்ல வேண்டும். லோக் சபையின் 489 ஸ்தானங்களில் 364-ஐக் காங்கிரஸுக்குக் கொடுத்த அதே வாக்காளர்கள், சென்னைச் சட்டசபையில் 375-க்கு 152 மட்டுமே கொடுத்தார்கள். சுதந்திரம் வாங்கிக் கொடுத்த கட்சி பெரும்பான்மை இல்லாமல் தவித்து, கவர்னர் ஜெனரலாக இருந்து ஓய்ந்த ராஜாஜியை அழைத்து வந்து மந்திரி சபை அமைக்க வேண்டியதாயிற்று. திண்டுக்கல்லிலிருந்து அம்மு சுவாமிநாதனும், திருவள்ளூரிலிருந்து மரகதம் சந்திரசேகரும், எந்தக் கட்சியையும் சாராமல் திருவனந்தபுரத்திலிருந்து ஆனி மாஸ்கரீனும் முதல் லோக் சபைக்குப் போனார்கள். பெயர் சொன்ன பெண்கள்! 1962-ஆம் வருஷத் தேர்தலில்கூட ஆண்களில் நூற்றுக்கு அறுபத்து மூன்று பேர் வாக்களிக்க, பெண்களில் நாற்பத்தேழு பேர்தான் வந்தார்கள். 2019-ல் அந்த வித்தியாசம் மறைந்து, பெண்கள் ஒரு மயிரிழை முன்னே போய்விட்டார்கள்.

மறுநாள் வகுப்பில், முதல் நாள் சொன்ன பதிலை வாபஸ் வாங்கிக்கொண்டேன். இந்தக் கதையைச் சொல்லி, "உங்கள் கொள்ளுப்பாட்டியின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றேன். பாதிப் பேருக்கு மேல் வெறுங் காகிதத்தைத்தான் நீட்டினார்கள். ஒரு பையன் "பெரிய ஆத்தா" என்று எழுதியிருந்தான். அவன் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்களாம்.

கேள்வி கேட்ட அந்தப் பெண் மட்டும் கொட்டை எழுத்தில் "அலமேலு" என்று எழுதி வந்திருந்தாள். யார் சொன்னார்கள் என்று விசாரித்தேன். அப்பாவுக்கும் தெரியவில்லை, தாத்தாவுக்குச் சட்டென்று நினைவு வரவில்லையாம். பரண்மேல் இருந்த பழைய பித்தளைக் குடத்தை இறக்கி, புளி போட்டுத் தேய்த்துப் பார்த்தார்களாம். கழுத்தில் பொறித்திருந்தது.