திறந்திருந்த கதவு

1893ல் புணே நகரத்தை ஒரு கதவு இரண்டாகப் பிரித்தது. சாரதா சதன் என்ற விதவைகள் பள்ளியை நடத்திவந்த பண்டித ரமாபாய், தன் அறையில் பிரார்த்தனை செய்யும்போது அந்தக் கதவைச் சாத்துவதில்லை. யாரையும் உள்ளே அழைத்ததில்லை. வந்தவர்களை வெளியே போகச் சொன்னதும் இல்லை. பள்ளியில் இருந்த பிராமண இளம் விதவைகள் சிலர் மெல்ல வந்து உட்காரத் தொடங்கினார்கள். விஷயம் ஊருக்குள் கசிந்தது. திலகரின் 'கேசரி' பொரிந்து தள்ளியது. மதச்சார்பில்லாத பள்ளி என்ற உறுதிமொழியை நம்பி ஆலோசனைக் குழுவில் இருந்த ரானடே, பண்டார்கர் போன்ற சீர்திருத்தவாதிகளே விலகிக்கொண்டார்கள். இருபதுக்கும் மேற்பட்ட பெண்களை உறவினர்கள் வந்து அழைத்துக்கொண்டு போனார்கள்.

குழுவினரின் கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. வாக்குக் கொடுத்தது கொடுத்ததுதான். ஆனால் ரமாபாயின் வாதமும் எளிமையானது: மற்ற பெண்கள் தங்கள் வழிபாட்டைச் செய்ய இங்கே தடையில்லை, என் வழிபாட்டை நான் மட்டும் ஏன் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு செய்ய வேண்டும்? அந்தக் கதவைத் திறந்துவைக்கும் துணிச்சல் அவருக்கு எளிதில் வந்ததல்ல. அதற்கு முந்தைய முப்பத்தைந்து வருட வாழ்க்கையில் பெரும்பகுதி, கடவுள் முன் நிற்கத் தனக்கு உரிமை உண்டா என்ற ஒரே கேள்வியில்தான் கழிந்தது.

1858ல் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் பிறந்தவர். தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே சம்ஸ்கிருதப் பண்டிதர். மனைவிக்குச் சம்ஸ்கிருதம் கற்றுக்கொடுத்தார் என்பதற்காக மற்ற பண்டிதர்கள் முன் பதில் சொல்ல வேண்டிவந்தவர். ஒரு வகையில் புரட்சிக்காரர். ஆனாலும் அவருடைய புரட்சி வேதத்தின் வாசலில் நின்றுவிட்டது. மனைவியும் மகளும் இலக்கியம், புராணம் படிக்கலாம், வேதம் கூடாது. குடும்பம் ஊர் ஊராக, கோயில் கோயிலாகப் போய்ப் புராணம் வாசித்துப் பிழைத்தது. வந்த பணம் தானத்துக்கும் தீர்த்த யாத்திரைக்கும் போயிற்று. 1870களின் நடுவே சென்னை மாகாணத்தில் பஞ்சம் வந்தபோது கையில் எதுவுமில்லை. இலையும் காட்டுப் பழமும் தின்று திரிந்தார்கள். தந்தை, தாய், அக்கா என்று அடுத்தடுத்து போனார்கள். தாயின் உடலைச் சுடுகாட்டுக்குத் தூக்கப் போதிய ஆள் கிடைக்கவில்லை. பதினாறு வயதுப் பெண் ஒரு பக்கம் பிடித்தாள். உயரம் போதாததால் பாடையைத் தலையில் தாங்கிக்கொண்டு நடந்தாள்.

கேட்ட கடவுள்கள் யாரும் பதில் சொல்லவில்லை. விரதங்களையும் தானங்களையும் அண்ணனும் தங்கையும் ஒருவேளை சரியாகச் செய்யவில்லையோ என்ற சந்தேகம்தான் மிஞ்சியது. பக்தர்களை ஆண்டாண்டு காலமாக உலுக்கும் சந்தேகம் அது. எந்த மதமும் இதற்கு விலக்கல்ல.

1878ல் இருவரும் நடந்தே திரிந்து கல்கத்தா சேர்ந்தார்கள். அங்கே இருபது வயதுப் பெண்ணின் சம்ஸ்கிருதப் புலமையைக் கண்டு மலைத்த பண்டிதர்கள் அவருக்கு 'பண்டிதா', 'சரஸ்வதி' என்று பட்டங்கள் கொடுத்தார்கள். பட்டம் கொடுத்தவர்களின் சாஸ்திரங்களைத் தோண்டிப் படித்தபோதுதான் ரமாபாய்க்கு உறைத்தது: எத்தனை முரண்பட்ட நூல்களும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போயின. பெண்ணுக்கும் சூத்திரனுக்கும் வேதம் இல்லை; வேதஞானம் இல்லாமல் மோட்சம் இல்லை. 'சரஸ்வதி' பட்டம் பெற்றவருக்குச் சொர்க்கத்தில் தனி இடம் கிடையாது. கேசவ் சந்திர சென் ஒருநாள் வேதப் பிரதி ஒன்றைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னபோது ரமாபாய் தயங்கினார். படித்தால் பாவமோ என்று.

கல்கத்தாவில்தான் முதல்முறையாகக் கிறிஸ்தவர்களின் கூட்டம் ஒன்றுக்குப் போனார். பாடினார்கள், படித்தார்கள், பிறகு எல்லோரும் எழுந்து திரும்பி, தாங்கள் உட்கார்ந்திருந்த நாற்காலிகளின் முன் மண்டியிட்டார்கள். விக்கிரகம் எதையும் காணோம். நாற்காலியைத்தான் கும்பிடுகிறார்கள் போலிருக்கிறது என்று அண்ணனும் தங்கையும் முடிவு செய்தார்கள். பல வருடங்கள் கழித்து இதை எழுதும்போதும் அவருக்குச் சிரிப்பு அடங்கியிருக்காது.

1880ல் அண்ணன் இறந்தார். அதே வருடம், பிராமணரல்லாத வங்காள வக்கீல் விபின் பிஹாரி மேதாவியைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். பத்தொன்பது மாதத்தில் காலராவில் கணவரும் போனார். கையில் குழந்தை மனோரமா. சாதியை மீறிக் கல்யாணம் செய்தவள், இருபத்து மூன்று வயது விதவை. எந்த வீட்டுக்குப் போவது? கணவர் வீட்டு நூலகத்தில் வங்காளி மொழியில் கிடைத்த லூக்கா சுவிசேஷம் மட்டும் மனதில் இருந்தது.

1883ல் மருத்துவம் படிக்கும் எண்ணத்தோடு இங்கிலாந்து போனார். காது சரியாகக் கேட்காததால் மருத்துவம் நடக்கவில்லை. அவரைத் தங்கவைத்த வாண்டேஜ் கன்னியாஸ்திரிகள் லண்டனில் ஒரு மறுவாழ்வு இல்லம் நடத்தினார்கள். ஊர் ஒதுக்கிய பெண்களை, முகம் சுளிக்காமல், சொந்தச் சகோதரிபோல் அங்கே நடத்துவதை ரமாபாய் பார்த்தார். ஏன் இப்படி என்று கேட்டார். கிணற்றடியில் இயேசு சமாரியப் பெண்ணோடு பேசிய கதையை அவர்கள் காட்டினார்கள். ஐந்து கணவர்களைக் கண்டவள், தீண்டத்தகாத கூட்டத்தைச் சேர்ந்தவள். அவளிடம் தண்ணீர் கேட்டு, கடவுளை எங்கே எப்படித் தொழுவது என்ற மிகப்பெரிய கேள்வியை அவளோடு விவாதிக்கிற ஒருவர். எந்தச் சாஸ்திரமும் தனக்குத் தராத இடத்தை அந்தக் கிணற்றடியில் ரமாபாய் கண்டார். 1883 செப்டம்பர் 29ல் மகளோடு ஞானஸ்நானம் பெற்றார்.

பலர் கதையை இங்கேயே முடித்துவிடுகிறார்கள். சுவாரஸ்யம் இதற்குப் பிறகுதான்.

புதிய வீட்டிலும் வாசற்படிக்கு வாசற்படி காவலாளிகள் இருந்தார்கள். லத்தீன் எழுத்துப் பொறித்த சிலுவையை அணியச் சொன்னார்கள். லத்தீன் என்ன சம்ஸ்கிருதத்தைவிடப் புனிதமா, சம்ஸ்கிருதத்தில் பொறித்துக் கொடுங்கள் என்றார். மாமிசத்தைத் தொட மறுத்தார். அது அகம்பாவம் என்று ஆன்மிகத் தாயாக இருந்த சிஸ்டர் ஜெரால்டின் கடிந்துகொண்டார். செல்ட்டன்ஹாம் கல்லூரியில் இருந்தபோது ஆண் மாணவர்களுக்கும் அவர் பாடம் எடுக்கலாம் என்ற யோசனை வந்தது. இந்தியாவில் இருந்த ஆங்கிலிக்கன் பிஷப்புகள் கூடாது என்றார்கள். திரித்துவத்திலிருந்து பல கோட்பாடுகளைக் கேள்வி கேட்டார். கேட்காமல் நம்பு என்று பதில் வந்தது. ரமாபாய் எழுதிய கடிதங்களின் சாரம் இதுதான்: ஒரு புரோகிதக் கூட்டத்தின் நுகத்தடியைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன், இன்னொன்றில் கழுத்தை நீட்டுவதற்கில்லை. எனக்கும் கடவுளுக்கும் நடுவே என் மனசாட்சி இருக்கிறது.

வெளியே தைரியம். உள்ளே? 1907ல் எழுதிய சாட்சியத்தில் அவரே மறைக்காமல் சொல்கிறார். ஞானஸ்நானம் பெற்று எட்டு வருடம் வரை தனக்குக் கிடைத்தது கிறிஸ்தவ மதம்தான், கிறிஸ்து அல்ல. நல்ல போதனை, நல்ல சேவை, எல்லாம் இருந்தும் மனதில் அமைதியில்லை. பழைய கணக்குப் புத்தகம் அட்டை மட்டும் மாறி அவரோடு இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் போய்த் திரும்பியிருந்தது. இன்னும் எத்தனை புண்ணியம் சேர்த்தால் கடவுள் ஏற்றுக்கொள்வார்? 1891 வாக்கில், இந்தியா திரும்பிப் பள்ளி நடத்திக்கொண்டிருந்த காலத்தில்தான் விடை கிடைத்தது. சேர்க்க ஒன்றுமில்லை, கணக்கு ஏற்கனவே தீர்க்கப்பட்டுவிட்டது, உள்ளபடியே வரலாம். மகள் வீட்டுக்குள் நுழைய அனுமதிச் சீட்டு வாங்குவதில்லை. பாதிரியார்கள் மூச்சுக்கு மூச்சு சொல்லும் வாக்கியம்தான். ஆனால் தாயின் பாடையைத் தலையில் சுமந்த பெண்ணின் கழுத்துக்கு அது எவ்வளவு இலேசாக இருந்திருக்கும்! அதற்கு இரண்டு வருடத்துக்குப் பின்தான் திறந்த கதவு விவகாரம்.

அதன் பிறகு ரமாபாய் யாரிடமும் இடம் கேட்கவில்லை. இடம் கொடுத்தார். புணேயிலிருந்து தௌண்ட் போகும் ரயில் பாதையில் கேட்காவ் என்ற வறண்ட ஊரில் நிலம் வாங்கினார். 1896-97ல் மத்திய மாகாணத்துப் பஞ்சம், 1900ல் குஜராத் பஞ்சம். மாட்டுவண்டியிலும் ரயிலிலும் அனாதைப் பெண்களை அள்ளிக்கொண்டு வந்தார். முக்தி சதனில் ஒரு கட்டத்தில் சுமார் 2000 பேர். எல்லாச் சாதியும் ஒரே பந்தியில். நெசவு, தோட்டம், எண்ணெய்ச் செக்கு, அச்சகம் என்று வேலையும் படிப்பும். 1905ல் அந்தப் பெண்கள் கூட்டம் கூட்டமாக வாய்விட்டு அழுது, கைதட்டி, ஆடி ஜெபிக்கத் தொடங்கியபோது, இதென்ன ஹிஸ்டீரியா என்று சில வெள்ளைக்காரர்கள் முகம் சுளித்தார்கள். இந்தியப் பெண்கள் தங்களுக்கு வந்தபடி கடவுளிடம் பேசட்டும், மேற்கத்திய அச்சில் அவர்களை வார்க்க வேண்டாம் என்றார் ரமாபாய். வாண்டேஜில் மல்லுக்கட்டிப் பெற்ற உரிமை அது.

மதமாற்றம் பற்றிய நம் விவாதங்களில் எப்போதும் தலை எண்ணுவதுதான் நடக்கிறது. எத்தனை பேர், எந்த ஜில்லா, யார் கொடுத்த காசு. ரமாபாயை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? மதம் மாறியதற்காகச் சொந்தச் சமூகம் அவரைப் பல வருடம் மறந்தது. கீழ்ப்படியாததால் சர்ச்சுக்கும் அவர் சௌகரியமான பெயராக இருக்கவில்லை. தபால் தலை வெளியிட அரசுக்கு 1989 வரை ஆயிற்று.

கடைசிப் பதினைந்து ஆண்டுகளை அவர் ஒரே வேலைக்குக் கொடுத்தார். வயதான காலத்தில் ஹீப்ருவும் கிரேக்கமும் படித்து, பைபிளை மூலத்திலிருந்து மராத்தியில் மொழிபெயர்த்தார். 1921ல் மகள் மனோரமா இறந்தார். அப்போதும் நிறுத்தவில்லை. 1922 ஏப்ரல் 5ல் தானும் கண்மூடினார். புத்தகம் 1924ல் வெளிவந்தது. சிறுவயதில், கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தையும் புரியாத சம்ஸ்கிருதத்தில் கோயில் வாசல்களில் புராணம் வாசித்துக் காசு வாங்கியவர், இதைப் பண்டிதர் மராத்தியில் எழுதவில்லை. அதிகம் படிக்காத கிராமத்துப் பெண்ணுக்குப் புரியும் மராத்தியில் எழுதினார். எழுத்துக் கோத்ததும் அச்சிட்டதும் முக்தி சதனின் பெண்களே.