பழி யார் தலையில்?

பத்தாயம் உள்ள வீட்டில் பூனையும் இருப்பது தஞ்சைத் தரணியின் பழைய வழக்கம். நெல்லை எலியிடமிருந்து காப்பதற்காகவே அதற்குப் பாலும் சோறும் வைக்கிறோம். ஆனால் அவ்வீட்டு மருமகள் கருவுற்றிருக்கையில், இரத்தப் பரிசோதனைத் தாளில் 'டாக்ஸோபிளாஸ்மா' என்னும் சொல் வந்துவிட்டால், பூனை தெருவுக்குத் துரத்தப்படுகிறது. பழியோ அப்பெண்ணின் தலையில் விழுகிறது. இரண்டுமே நியாயமன்று.

டாக்ஸோபிளாஸ்மா கண்ணுக்குப் புலப்படாத ஓர் ஒட்டுண்ணி. 1908-ஆம் ஆண்டிலேயே இது கண்டறியப்பட்டது. எனினும் பூனையின் குடலில் இது பெருகி மலத்துடன் வெளிவருகிறது என்பது 1970-ஆம் ஆண்டளவில்தான் உறுதியாயிற்று. தொற்றிய பூனை பெரும்பாலும் ஓரிரு வாரங்களே இதனை வெளியிடும்; ஆயினும் ஈரமண்ணில் இது பல மாதங்கள் உயிர்த்திருக்கும். மண் படிந்த கை, கழுவாத கீரை, காய்ச்சாத நீர், வேகாத இறைச்சி ஆகியவையே இது மனிதரை அடையும் வழிகள். 2004-இல் கோயம்புத்தூரில் நூற்றுக்கும் மேற்பட்டோரின் கண்களை இந்நோய் தாக்கியபோது, மருத்துவர்கள் ஐயுற்றது குடிநீரையே.

கருவுற்ற காலத்தில் புதிதாகத் தொற்றும்போதுதான் பெரும்பாலும் சிசுவுக்கு ஆபத்து. கருச்சிதைவு, தலையில் நீர் கோத்தல், பார்வைக் கேடு ஆகியவை நேரலாம். முன்பே தொற்றி ஆறிய தாயின் உடலிலோ எதிர்ப்பொருள் தங்கி, பிள்ளைக்குக் காவலாகிறது. ஆதலால் 'ஐ.ஜி.ஜி.' மட்டும் உண்டு எனக் காட்டும் தாளைக் கண்டு பொதுவாக அஞ்சவேண்டியதில்லை. 'ஐ.ஜி.எம்.' பல மாதங்கள் நீடிக்கக்கூடும். எனவே அது காணப்பட்டாலும் மறுபரிசோதனை அவசியம். புதிய தொற்றென உறுதியானாலும் மருந்துகள் உண்டு. ஒரே தாளை நம்பிக் கருவைக் கலைக்கத் துணிவது பெருங்கொடுமை.

இல்லத்தாரே, செய்யவேண்டியவை எளியவை. பூனையின் மலத்தை நாள்தோறும் வேறொருவர் அகற்றட்டும். அது தொற்றும் நிலையை அடைய ஒரு நாளேனும் ஆகும். பூனைக்குச் சமைத்த உணவே கொடுங்கள். கொல்லையில் மண்ணைத் தொட்டபின் சோப்பிட்டுக் கை கழுவுதல், நீரைக் காய்ச்சிப் பருகுதல், கறியை நன்கு வேகவைத்தல் போதும்.

இந்நோய் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாமலே வந்து போகும். அடுத்தடுத்துக் கருச்சிதைவு நேர்வதற்கு இது காரணமாவதும் அரிது. பிள்ளையை இழந்த தாய் தான் அறியாத ஒன்றிற்காகக் குற்றவாளியாக நிற்கலாகாது. அவளை அடுத்த முறை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அதுவரை உங்கள் நாவைக் காத்துக்கொள்ளுங்கள்.