மண்டபம் வேண்டாம், கூரை போதும்

கோயில் பணத்தில் கல்யாண மண்டபம் கட்டுவதற்கான அரசாணைகளை 2025 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு ரத்து செய்தது. உச்ச நீதிமன்றமும் அந்தத் தீர்ப்புக்குத் தடை விதிக்க மறுத்தது. அதன் பிறகும் ஆதரிப்போரும் எதிர்ப்போரும் மண்டபத்தை வைத்தே மல்லுக்கட்டுகிறார்கள். கோபுர வாசலில் படுத்துக்கிடப்பவர்களைப் பற்றிப் பேச ஆளில்லை.

1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டத்தில் 66ஆவது பிரிவைப் படியுங்கள். கோயில் நிதியைத் திருப்பிவிடக்கூடிய பணிகளின் பட்டியலில் ஆதரவற்றோருக்கான இல்லங்கள் இருக்கின்றன. கல்யாண மண்டபம் இல்லை. சட்டம் சொல்லாததைக் கட்டத் துடித்த அரசு, சொன்னதைக் கட்ட ஏன் தயங்குகிறது?

கணக்கு எளிது. நகர்ப்புற வீடற்றோருக்கான மத்திய அரசுத் திட்டம் ஒருவருக்குக் குறைந்தது 50 சதுர அடி கேட்கிறது. 5,000 சதுர அடிக் கூடத்தில் 100 பேர் படுக்கலாம். லட்சம் பேர் வாழும் ஊருக்கு 100 பேர் தங்க இடம் என்பதே அத்திட்டத்தின் அளவுகோல். ஆக, நடுத்தர மண்டபம் ஒன்றின் பரப்பு ஓர் ஊரின் கடனைத் தீர்த்துவிடும். மண்டபம் முகூர்த்த நாளில்தான் நிறையும். காப்பகத்துக்கு 365 இரவும் ஆள் உண்டு. 2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் வீடற்றோர் 17 லட்சத்துக்கும் மேல்.

உண்டியல் காசு சாமிக்கு மட்டுமே என்பவர்கள் வடலூருக்குப் போய் வரட்டும். 1867இல் பசித்தோருக்காக வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. கோயில்களில் 2002 முதல் அன்னதானத் திட்டமும் நடக்கிறது. மதியம் இலை போட்டு உபசரித்த ஒருவரை இரவில் நடைபாதைக்குத் துரத்துவது எந்த ஆகமம்? கருவறையில் பாய் விரிக்க யாரும் கேட்கவில்லை; கோயிலுக்குச் சொந்தமான மனையில் ஒரு கூரையைத்தான் கேட்கிறோம்.

அதெல்லாம் மாநகராட்சியின் வேலை என்பது வெறும் தட்டிக்கழிப்பு. இராமேஸ்வரம் சாலை நெடுகத் தஞ்சை மராட்டியர் சத்திரம் கட்டிய மண் இது. தேவாலய வளாகங்களுக்கும் வக்ஃபு சொத்துகளுக்கும் இதே கடமை உண்டு.

மூன்று சமயத்தாரும் மனம் வைத்தால் தமிழ்நாட்டில் ஒருவர்கூடத் தெருவில் உறங்க வேண்டியதில்லை. அறநிலையத் துறையின் அடுத்த மானியக் கோரிக்கையிலேயே ஆதரவற்றோர் இல்லங்களை அறிவியுங்கள். அதற்கு எந்த நீதிமன்றமும் குறுக்கே நிற்காது.